குண்டு ஏர்போர்ட் வந்தாச்சு

பெரியவளின் பாஸ்போர்ட்டை விசா அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு தாளைக் கொடுத்து அனுப்பியிருந்தது. 'உங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள். பரிசீலனை முடிந்ததும் தகவல் வரும்.'

"இவ்வளவுதானே? திறந்துட்டா போச்சு" என்றாள் தங்கை சின்னவள். அக்காவின் போனை வாங்கி நாலு தட்டுத் தட்டினாள். திறந்தாயிற்று.

பிறகு சும்மா இருக்க முடியாமல் பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒன்றில் விரல் நின்றது.

"அக்கா... இது என்னது?"

பெரியவள் எட்டிப் பார்த்தாள். அவளே எழுதியதுதான்.

'குண்டு ஏர்போர்ட் வந்தாச்சு! இன்னும் பத்து நிமிஷத்துல வெளியே வந்துடும். எல்லாரும் ரெடியா இருங்க!'

குண்டு அவளுடைய பள்ளித் தோழன், முன்பு இவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவன். மருந்துக் கடை வைத்திருக்கிறான். அன்று அவன் வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினான். வரவேற்க ஆறு பேர் போயிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"இதுல என்ன இருக்கு?"

"மொழிபெயர்ப்பு பட்டனை அமுக்கிப் பாத்தியா? வெடிகுண்டு விமான நிலையத்தை அடைந்துவிட்டது. பத்து நிமிடத்தில் வெளிப்படும். அனைவரும் தயாராக இருக்கவும்னு இங்கிலீஷ்ல வருது."

பெரியவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஐந்து வருடம் பாட்டில் கழுவி, அறிக்கை எழுதி, இரண்டு முறை விண்ணப்பித்துத் தோற்று, மூன்றாம் முறை கிடைத்த மேற்படிப்பு இடம். இருபத்தெட்டாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். இன்று ஐந்தாம் தேதி.

விசா ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

"அழிச்சிடட்டுமா சார்?"

"ஐயையோ, கையை வச்சிடாதீங்க! அவங்க பாத்துக்கிட்டு இருக்கும்போது அழிச்சா, எதையோ மறைக்கிறீங்கன்னு நினைச்சுட்டா? அது ஒரு ஆளுன்னு புரியற மாதிரி கீழ ரெண்டு வரி எழுத வைங்க, போதும்."

ரெண்டு வரி எழுத குண்டுவை விடப் பொருத்தமான ஆள் யார்? சொன்னதும் கடையிலிருந்தபடியே எழுதிவிட்டான்.

'அந்தக் குண்டு நான்தான். இப்ப ஜிம்முக்குப் போய் ரொம்ப சின்னதாயிட்டேன். யாரும் பயப்பட வேண்டாம்.'

சின்னவள் பட்டனை அமுக்கினாள். "அந்த வெடிகுண்டு நானே. தற்போது மிகச் சிறிய அளவில் கிடைக்கிறேன்."

"கிடைக்கிறேனா?"

"அப்படித்தான்க்கா வருது."

அம்மாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "அந்தப் புள்ளையைப் போய் வெடிகுண்டுங்கறானுங்களா? என் போனைக் கொண்டா. நான் எழுதறேன் பாரு."

அம்மா ஒற்றை விரலால் அரைமணி நேரம் எழுதினாள். 'குண்டு தங்கமானது. சின்னதுலேருந்து எங்க வீட்டு மாடியிலதான் இருந்துச்சு. எங்க குடும்பமே அதைப் பத்திரமா பாத்துக்கிட்டோம்.'

"அம்மா! ஏன்மா 'இருந்துச்சு'ன்னு எழுதினே? 'இருந்தான்'னு எழுதக் கூடாதா?"

"செல்லமா சொன்னா அப்படித்தான்டி வரும். உன்னைக்கூடத்தான் அது இதுன்னு சொல்றேன்."

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பார்த்துவிட்டார். வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஆனால் உண்மை என்று ஒன்று இருந்தால் அதைச் சொல்லிவிடுவார்.

'அன்னைக்கு ஏர்போர்ட்லேருந்து குண்டை என் வேன்ல ஏத்திட்டு வந்ததே நான்தான். வண்டி நம்பர் கீழே.'

"வண்டி நம்பர் எதுக்குப்பா?" பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கேட்டா ஆதாரம் வேணாமா?"

தினமும் காலையில் எழுந்ததும் பெரியவள் விசா இணையதளத்தைத் திறப்பாள். 'பரிசீலனையில் உள்ளது.' மூடுவாள். பல் தேய்த்துவிட்டு மறுபடி திறப்பாள். 'பரிசீலனையில் உள்ளது.' அவளுக்குப் பிறகு விண்ணப்பித்த இருவருக்கு விசா வந்துவிட்டது.

எட்டாம் தேதி, சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்தது.

சித்தப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். நாள் முழுவதும் மற்றவர்கள் எழுதியதில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பவருக்குச் சொந்தமாக எழுத ஓர் இடம் கிடைத்தால் விடுவாரா?

'குண்டு போகிற இடமெல்லாம் அதிரும்!' என்று ஆரம்பித்தார். மறுநாள், 'இதுக்கே பயந்தால் எப்படி? இதற்கு ஒரு தம்பி உண்டு. சின்னக் குண்டு. அது இன்னும் பெரிசு.' அதற்கடுத்த நாள், குண்டு ஒருமுறை பள்ளிக்கூட பெஞ்சை உடைத்த கதை, மூன்று பாகமாக. பதினாறாம் தேதி எழுதியதுதான் உச்சம்.

'முதலில் என் அண்ணன் பெண் போகட்டும். அங்கே எல்லாம் சரியாக இருந்தால், பின்னாலேயே குண்டையும் அனுப்பி வைக்கிறோம்.'

சின்னவள் பட்டனை அமுக்கவில்லை. அமுக்கத் தைரியம் வரவில்லை.

பெரியவள் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"சித்தப்பா, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

"ஏம்மா, நல்லாத்தானே எழுதியிருக்கேன்? ஒரு பிழை இருந்தா காட்டு."

"ஒரு வருஷம் கழிச்சு திரும்பி வந்து நானே உக்காந்து உங்க கதையெல்லாம் கேக்கறேன் சித்தப்பா. இப்ப என்னைப் போக விடுங்க." குரல் உடைந்துவிட்டது.

சித்தப்பாவின் முகம் சுருங்கியது. அவர் போனை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"நீ போற வரைக்கும் தொட மாட்டேன்மா. தலையில அடிச்சு சத்தியம்."

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. கமெண்டும் இல்லை, தகவலும் இல்லை. பெரியவள் பெட்டியில் அடுக்கியிருந்த துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள். பழைய வேலைக்கே வரலாமா என்று பரிசோதனைக் கூடத்தில் கேட்டும் பார்த்துவிட்டாள்.

இருபதாம் தேதி மதியம் போன் சிணுங்கியது. 'உங்கள் பாஸ்போர்ட்டை வந்து பெற்றுக்கொள்ளவும்.'

கிடைத்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. அப்பா வேனை வெளியே நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியவள் உள்ளே போனாள். நான்காம் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உறையை நீட்டினார்.

பிரித்தாள். அவசரத்தில் இரண்டு பக்கம் சேர்ந்தே புரண்டது. திரும்பப் புரட்டினாள். அங்கே அவள் முகம். பக்கத்தில் முத்திரை. விசா!

இரண்டு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிற்று. அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். அந்தக் குண்டு விஷயம்..."

"அது நாங்க பாத்த அன்னைக்கே புரிஞ்சு போச்சும்மா. எங்களுக்குத் தமிழ் தெரியாதா?" அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தினார். "அது இருக்கட்டும். உங்க சித்தப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"இல்லையே, நல்லாத்தான் இருக்காரு. ஏன் மேடம்?"

"விசா எட்டாம் தேதியே ஓகே ஆயிடுச்சும்மா, அவர் அடுத்து என்ன எழுதறாருன்னு பாக்கத்தான் பாஸ்போர்ட்டை நாங்க இங்கேயே வச்சிருந்தோம்."