தூக்கிட்டேன் சார்

பேராசிரியர் அவர்களே, எஸ்தரின் பதினான்கு மாத உழைப்பு அழிந்துபோனதில் பாதி உங்கள் வேலை. மீதிப் பாதி என் வேலை. என் பாதியைத் துறை முழுக்கப் பேசியாகிவிட்டது. இருந்தாலும் என் வாயாலேயே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதற்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை, படிப்பவர்களுக்காக உங்களையும் 'பேராசிரியர்', 'சார்' என்றே சொல்லிப் போகிறேன்.

நெடுஞ்சாலையோரப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில், எல்லோருடைய தரவுகளையும் சேமிக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். மேசையில் 'டேட்டா மேனேஜர்' என்று பலகை இருந்தது. (மாமியார் வீட்டில் மேனேஜர் என்பதை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.) எதையும் இரண்டாவது தடவை கேட்டால் மேனேஜருக்கு அழகில்லை என்று அப்போது ஒரு திமிர்.

எஸ்தர் அங்கே ஆராய்ச்சி மாணவி. படப்பை ஊர்ப் பெண். அவள் அப்பா ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினின் ஆபரேட்டர். அவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சி அனுமதி வாங்க, அப்பா ஓட்டிய அதே மெஷினில் எஸ்தர் சென்சார்களை ஒட்டினாள். மெஷின் அதிர்வதை வைத்து, உள்ளே இருக்கும் பேரிங் எப்போது உடையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. ஒவ்வொரு நொடிக்கும் ஆயிரக்கணக்கில் எண்கள் கொட்டும். வெளியே இணைய வழியாக அனுப்பத் தொழிற்சாலை விடவில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், ஹார்டு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்து வருவாள். சர்வரில் ஏற்றிவிட்டு, அடுத்த வாரத்துக்காக டிஸ்க்கைக் காலி செய்வாள்.

"மடியிலயே வச்சிகினு வருவேண்ணா. ஆட்டோ குலுங்குனா அதுக்கு வலிக்கும்ல?" என்பாள்.

பதினான்காவது மாதம் பேரிங் உடைந்தது. உற்பத்தி லைன் நின்று எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் லட்டு கொடுத்திருக்கிறாள். சூப்பர்வைசர் அடிக்கவே வந்துவிட்டாராம். "ஒரு பேரிங் ஒரு தடவதான் சாவும்ணா. முதல்லேந்து கடைசி வரிக்கும் முழுசா புடிச்சிட்டேன்" என்று எனக்கும் ஒரு லட்டு தந்தாள். தின்றேன். அடுத்த மாதமே தொழிற்சாலை அந்த மெஷினை வேறு மாநிலத்துக்கு விற்றுவிட்டது.

மெஷின் போன அதே வாரம் சர்வர் நிரம்பி வழிந்தது. புதிய சேமிப்புப் பெட்டி வந்து மூலையில் தயாராக நின்றது. நான் காலையிலிருந்து பையன்கள் ஏற்றி வைத்திருந்த சினிமாக்களைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தூக்குவது என்றால் அழிப்பது. மதியம் பேராசிரியர் போன் செய்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நிற்கிறார். பின்னணியில் ஆட்டோக்காரர்கள் ஒரகடம், ஒரகடம் என்று கத்துகிறார்கள்.

"முருகா, அந்த பிரஸ் ஃபோல்டர்தான் இடத்த அடைக்குது. அத மொதல்ல தூக்கிடுப்பா."

"அதுவா சார்? எஸ்தரோடதா?"

"ஆமாப்பா. சாயங்காலத்துக்குள்ள தூக்கிடு."

அவர் சொன்னது, புதுப் பெட்டிக்குத் தூக்கி வை என்று. என் காதில் விழுந்தது வேறு. 'எங்கே தூக்க வேண்டும் சார்?' என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கேட்கவில்லை. நான்தான் மேனேஜர் ஆயிற்றே. பதினொரு நிமிடத்தில் முடித்துவிட்டுத் திரும்ப அழைத்தேன்.

"தூக்கிட்டேன் சார். சுத்தமா தூக்கிட்டேன்."

"அதுக்குள்ளயா? பரவால்லயே! புதுப் பெட்டி செம ஃபாஸ்ட்டுப்பா!"

இந்த இடத்திலாவது மூளை விழித்திருக்க வேண்டும். நான் பாராட்டு வாங்கிய மகிழ்ச்சியில் கேன்டீனுக்குப் போய் இரண்டு பிளேட் போண்டா சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எஸ்தர் வந்தாள்.

"அண்ணா, புதுப் பெட்டில எங்க வச்சீங்க?"

"இன்னாத்தம்மா?"

"என்னுத."

ஓடிப்போய் சர்வரைத் திறந்தேன். அதற்குள் காலியான இடத்தில் மற்றவர்களின் வேலைகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. அழிந்த ஃபைல்களை மீட்டுத் தருகிற கடைக்காரர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

ஆனால் இரண்டாவது நகல் ஒன்று உண்டு. திட்டத்தின் விண்ணப்பத்தில், 'தரவுகள் இரண்டு இடங்களில் பாதுகாக்கப்படும்' என்ற வரியைத் தட்டச்சு செய்தவனே நான்தான். அந்த இரண்டாவது இடம் பேராசிரியரின் பீரோ. நானும் எஸ்தரும் ஓடினோம். சார் டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினார். முதல் ஃபைலைத் திறந்தார்.

நாதஸ்வரம் கேட்டது. அவர் மகள் கல்யாணத்து மாப்பிள்ளை அழைப்பு. நான்கு கேமராவில் எடுத்தது. எஸ்தரின் பேரிங் இருந்த இடத்தில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"அது... வீடியோக்காரன் அவசரமா டிஸ்க் கேட்டான்... திரும்ப காப்பி பண்ணிக்கலாம்னு..." என்று இழுத்தார் சார்.

எஸ்தர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா சார்?" என்றாள். வேறு என்ன கேட்க முடியும்? ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாள்: "இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாம்லண்ணா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேறொரு தொழிற்சாலை, வேறொரு மெஷின், புதிதாக சனிக்கிழமைகள் என்று அவளுக்கு மேலும் மூன்று வருடம் போனது. என் வீட்டில் 'தூக்கிடு' என்ற சொல்லுக்கு மரியாதையே போய்விட்டது. "ஃபிரிட்ஜ்ல கீற கொழம்ப தூக்கிடவா?" என்று என் மனைவி கேட்டால், "அப்பாகிட்ட எழுதி வாங்கிக்கோம்மா" என்கிறாள் மகள். விருந்தாளிகள் முன்னாலும் நடக்கிறது. நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன்.

ஆய்வேட்டின் பிரதியைப் போன வாரம் பார்த்தேன். 'கருவிக் கோளாறால் முதற்கட்டத் தரவுகள் இழக்கப்பட்டன' என்று ஒரு வரி. சார் எழுதச் சொன்னதாம். அந்தக் கருவி நான்தான். சரி, ஒப்புக்கொள்கிறேன். பீரோவில் இருந்த கருவி எது?

அடுத்த மாதம் எஸ்தரின் வாய்மொழித் தேர்வு. அரங்கம் எல்லோருக்கும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அவள் தேறிவிட்டாள் என்று அறிவிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன். அறிவித்ததும் எழுவேன். கேட்காமல் அழித்தவன் நான் என்று எல்லோர் முன்பும் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். பிறகு உங்கள் பக்கம் திரும்புவேன். சார், அந்த இரண்டாவது டிஸ்க்கில் என்ன இருந்தது? அரங்கத்து மைக்கிலேயே சொல்லுங்கள்.