பித்தப்பையும் மதியக் காட்சியும்

என் மனைவியின் பித்தப்பையை எடுத்துவிடுவது என்று நான்தான் முடிவு செய்தேன். அவளைக் கேட்கவில்லை. டாக்டரையும் கேட்கவில்லை. என் மேலதிகாரி ஜலால் பேயிடம் மட்டும் சொன்னேன். (பேய் இல்லை; 'பே' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'.)

வேறு என்ன செய்ய? என் மனைவி இன்சாஃபுக்குப் புதுப் படம் வெளியாகிற அன்றைக்கே மதியக் காட்சி பார்த்தாக வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் மாடிவீட்டுக்காரி முழுக் கதையையும் மாடிப்படியில் நின்றே சொல்லிவிடுவாள். எங்கள் பஞ்சு அலுவலகத்திலோ சாவு, பிரசவம், ஆபரேஷன் என்றால்தான் விடுப்பு. என் பெரியப்பாவை ஏற்கெனவே இரண்டு தடவை அடக்கம் செய்தாகிவிட்டது. பிரசவம் என்று சொல்ல இன்சாஃபுக்கு வயது இடம் கொடுக்காது. மிச்சமிருந்தது பித்தப்பை.

ஜலால் பேயின் கண் கலங்கிவிட்டது. "போ ஃபிக்ரி, அவ பக்கத்துலயே இரு. அல்லா நல்லபடியா ஆக்குவான்" என்றார்.

நான் பித்தப்பையை எடுத்தேன். அவள் கைப்பையை எடுத்தாள். அலெக்சாந்திரியாவின் குளிர்மழையில் டிராம் பிடித்துத் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இன்சாஃப் என்றால் நீதி. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் நீதி இருக்கிறது. எனக்குத்தான் கிடைத்ததில்லை.

என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் பூசணி விதை வாங்கப் போனாள். படம் தொடங்கி, கதாநாயகிக்குக் கண் பார்வை போன பிறகுதான் திரும்பி வந்தாள். "கவுன்டர்ல கூட்டம்" என்றாள். உட்கார்ந்தாள். உடனே அழ ஆரம்பித்தாள். அரங்கம் முழுக்க ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தது. நான் நிம்மதியாக விதை கொறித்தேன்.

அப்போது முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

தண்ணீர் வராத பம்பை ஓட்டுகிற மாதிரி ஒரு இருமல். அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் தினமும் காலையில் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்கிறேன். இப்போதும் பாதி எழுந்துவிட்டேன். திரை வெளிச்சத்தில் ஒரு வழுக்கை மின்னியது. ஜலால் பே!

விதை தொண்டையில் நின்றது. சீக்கிரமே இடைவேளை வரும். விளக்கு எரியும். அவர் திரும்புவார். ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடக்க வேண்டிய பெண் இங்கே வாய் நிறைய விதையோடு உட்கார்ந்திருப்பாள். என் வேலை போகும். அதைவிட மோசம், அவளுக்கு ஆபரேஷன் நடந்த விஷயம் அவளுக்கே தெரிந்துவிடும்.

"இன்சாஃப், அடுப்பை அணைக்காம வந்துட்டேன்" என்று கிசுகிசுத்தேன்.

"நீங்க என்னைக்கு அடுப்பைப் பத்த வெச்சீங்க, அணைக்க மறக்கறதுக்கு?"

"வயித்தை வலிக்குது."

கைப்பையைத் திறந்து ஒரு பிடி சீரகத்தை என் வாயில் போட்டாள். "மெல்லுங்க. பேசாதீங்க. பாவம், அவ படியில விழப்போறா."

"நானும் விழப்போறேன். மயக்கமா வருது."

"உட்கார்ந்துதானே இருக்கீங்க? எங்கே விழப்போறீங்க?"

"இந்தக் கதை தெரிஞ்சதுதான். கடைசியில அவ செத்துடுவா. வா, போகலாம்."

பின்னாலிருந்து ஒரு செருப்பு என் முதுகைத் தட்டியது. "யோவ், கடைசியில யாரு சாகப்போறான்னு நாங்க காட்டட்டுமா?"

சத்தம் கேட்டு முன்வரிசை வழுக்கை லேசாக அசைந்தது. நான் இருக்கைக்கும் தரைக்கும் நடுவில் மடிந்து கொண்டேன். என் முழங்கால் என் காதைத் தொட்டது.

இன்சாஃப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "இப்ப உங்களுக்கு வெளியே போகணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான், கண்ணே!"

"அம்மா வீட்டுல குளிர் தாங்கலையாம். வசந்தம் வர்ற வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கட்டுமா?"

என் மாமியார் ஒரு வாரம் இருந்தாலே நான் ஒரு சுற்று இளைத்துவிடுவேன். வாயைத் திறந்தேன். ஜலால் பே இருமினார்.

"இருக்கட்டும்!"

"எந்த ரூம்ல?"

"நம்ம ரூம்ல!"

"நீங்க?"

"கூடத்து சோபாவுல!"

"அது குட்டை. காலை நீட்ட முடியாதே."

"காலை மடக்கிக்கறேன். பார், இப்பவே மடக்கித்தானே இருக்கேன்!"

"சத்தியமா?"

"அல்லா மேல ஆணையா!"

"சத்தியம் பண்றதுன்னா கோர்ட்டுக்குப் போய்யா!" என்றது செருப்பு.

இன்சாஃப் எழுந்தாள். கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி நிதானமாக நடந்தாள். நான் அவளுடைய கறுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்தபடியே பின்னால் போனேன். ஓரத்து இருக்கைக்காரர் மரியாதையாகக் காலை ஒதுக்கினார். "பார்த்து வாங்கம்மா. படியிருக்கு."

நுழைவுக்கூடத்துக்கு வந்ததும் சால்வையை எடுத்துவிட்டு மூச்சு விட்டேன். தப்பித்தேன் என்றே நினைத்தேன்.

"ஜலால் பேயைப் பார்த்துட்டீங்க போல?" என்றாள் இன்சாஃப்.

விட்ட மூச்சு திரும்பி வந்தது. "உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"விதை வாங்கற இடத்துல பார்த்தேன். என்னைப் பார்த்ததும் மனுஷன் வெளுத்துப் போயிட்டாரு. 'அம்மா, நீங்க ஆபரேஷன் மேஜையிலதானே இருக்கணும்'னாரு. அப்பதான் எனக்கே தெரிஞ்சது, என் உடம்புல ஒரு உறுப்பு கம்மின்னு."

"இன்சாஃப், அது வந்து..."

"அவரு என்ன கெஞ்சு கெஞ்சினாரு தெரியுமா? ஆபீஸ்ல பல்வலின்னு சொல்லியிருக்காராம். வீட்டுல ஆபீஸ் வேலைன்னு சொல்லியிருக்காராம். ஃபிக்ரி கண்ணுல பட்டா என் மானமே போயிடும்மான்னு கையைப் பிடிச்சுக்காத குறை. பாவம், கழுத்தை உள்ளே இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நீங்க எதிர்ல போய் நின்னிருந்தா அவருதான் ஓடியிருப்பாரு."

"அப்போ, நான் ஏன் வெளியே வந்தேன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அடுப்புன்னீங்க, வயிறுன்னீங்க. நான் ஒரு வார்த்தை வற்புறுத்தினேனா?"

உள்ளே இடைவேளை மணி அடித்தது. வாசலில் டிராம் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு பெட்டி இறங்கியது. பிறகு ஒரு மெத்தைச் சுருள். அவற்றுக்குப் பின்னால், குடையை வாள்போல் நீட்டிக்கொண்டு, என் மாமியார்.

"விதை வாங்கறப்பவே கவுன்டர் போன்ல அம்மாவைக் கூப்பிட்டேன்" என்றாள் இன்சாஃப். என் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துத் தன் அம்மாவிடம் கொடுத்தாள். பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். மெத்தையைத் தூக்கி என் தோளில் வைத்தாள்.

"சீக்கிரம் வாம்மா, ரெண்டாவது பாதி ஆரம்பிச்சிடும். உன் மாப்பிள்ளை இவ்வளவு நேரம் உனக்காக சீட்டைச் சூடு பண்ணி வெச்சிருக்காரு!"