ராஜா படம் ஒரு விரற்கடை சரிந்திருந்த விவகாரம்

அரண்மனை அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் அரண்மனையில் அபாய மணி அடித்தது என்னால்தான். பள்ளியறையில் பணியில் இருந்த காவலருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அந்தத் தம்பி யார் என்றே எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவரை வேலையில் நிரந்தரம் செய்வதாக இருந்ததை நிறுத்தி வைத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வருஷம் சுவர் எழுப்பியவனுக்கு ஓவியம் பார்க்கத் தெரியாது. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், நான் சுவரைப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கொத்தனார் கெட்டிக்காரர், எட்டு அறையிலும் ஒரு மூலைகூடப் பிசகவில்லை. ஒன்பதாவது, ராஜாவின் பள்ளியறை. அங்கே ஆள் உயர ராஜா படம் வலது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. என் சட்டைப் பையில் எப்போதும் உள்ளங்கை நீளத்தில் ஒரு ரசமட்டம் இருக்கும். வாசலில் என் குடையை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் இதை விட்டுவிட்டார்கள். படத்தின் கீழ்ச் சட்டத்தருகே பிடித்துப் பார்த்தால், நடுவில் நிற்க வேண்டிய குமிழி இடது ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. "தொடாதீங்க, மணி அடிக்கும்" என்றார் காவலர். "தொடல, லேசா தூக்கி விடறேன், அவ்வளவுதான்" என்றேன். "வேணாம், சொன்னா கேளுங்க. வீட்லதான் எல்லாப் படத்தையும் நேர் பண்ணிட்டீங்களே" என்றார். எந்த வீட்டைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

தூக்கினேன். மணி அடித்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கதவு இறங்கி, நாற்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டோம். கால் கடுத்துப்போன ஒரு அம்மாள் ராஜா கட்டிலில் உட்கார்ந்தார், அதற்கு வேறொரு மணி அடித்தது, அவரை எழுப்பப் போன கணவர் தடுப்புக் கயிறு தடுக்கி வெள்ளிக் கூஜாவைக் கட்டிக்கொண்டு விழுந்தார், அதற்கும் ஒரு மணி. இப்படியே ஐம்பது நிமிஷம். காவலர் மட்டும் பதறவில்லை. எல்லோரையும் வரிசையாகத் தரையில் உட்கார வைத்துவிட்டு, முழங்கால் மடக்க முடியாத எனக்குத் தம் நாற்காலியைக் கொடுத்தார். என் முழங்கால் சங்கதி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ரொம்பப் பொறுமைசாலி. ஆறு வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதாவது, அந்த ஐம்பது நிமிஷத்தில்.

ஆகவே தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். ரசமட்டத்தைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒரு தம்பியின் பிழைப்பில் என்னால் மண் விழ வேண்டாம்.

தங்கள் வீட்டில் எல்லோரையும், கூஜாவோடு விழுந்தவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

பணிவுடன்,
மேஸ்திரி

பின்குறிப்பு: உறையில் போடும் முன் இதை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "என்னப்பா நீங்க, அவரு அன்னைக்கே எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டாரு" என்று நகலை நீட்டினாள். தாங்களும் படித்திருப்பீர்கள். 'படத்தைத் தொட்டவர் என் மாமனார். அவர் கண்ணுக்குச் சரிந்து தெரிந்தால் அது சரிந்துதான் இருக்கும். வயதானவர், அவரை எதுவும் கேட்க வேண்டாம். பொறுப்பு என்னுடையது.' கல்யாணத்தில் எனக்கு இஷ்டமில்லாததால் ஆறு வருஷமாக வீட்டில் அவரை 'அந்த வாட்ச்மேன்' என்றே சொல்லி வந்திருக்கிறேன். படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆகையால், தெரியாது என்று மேலே எழுதிய இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். அவர் என் மாப்பிள்ளை.