ஆஃப் அண்ணாச்சியும் வைஃபை சுவிட்சும்

கடல்காற்று ஓயாத தூத்துக்குடியில், காற்றில் போகும் எதையும் அணைத்துவிடத் துடித்த ஒரே மனிதர் எங்கள் ஆஃப் அண்ணாச்சிதான். துறைமுகத்துச் சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. எங்கள் லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவரும் அவரே. வேலையில்லாத நேரத்தில் வைஃபை ஓடினால் அவருக்குப் பொறுக்காது. லினக்ஸில் ‘ஆர்எஃப்கில்’ என்றொரு கட்டளை உண்டு. தட்டினால் வைஃபை, புளூடூத் எல்லாம் அடங்கிவிடும். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆபீஸையே அடக்கியிருப்பார்.

ஒருநாள் மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வந்து, கொழும்பு பார்ட்டியோடு வீடியோவில் பேச உட்கார்ந்தார். படமும் இல்லை, பேச்சும் இல்லை.

“யாருவே என் வைஃபைய அமத்துனது?”

“நாந்தான் சார். நீங்க சாப்பிடப் போயிட்டிய. அது ஆளில்லாம கத்திக்கிட்டே கெடந்துச்சு. கேக்கப் பாவமா இருந்துச்சு.”

வைஃபை கத்துவது அண்ணாச்சி காதுக்கு மட்டுந்தான் கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் மில்லர்புரத்தில் எங்கள் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். காலையிலேயே கரண்ட் போயிற்று. மகள் செல்விக்கு நர்சிங் படிப்பில் கிடைத்த இடத்தை இணையத்தில் உறுதிசெய்ய அன்றுதான் கடைசி நாள். என் லேப்டாப் செத்துக் கிடந்தது. மனைவியின் செல்போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தும், அந்த இணையப் பக்கம் செல்போனில் பாதிதான் திறந்தது; கம்ப்யூட்டரில்தான் முழுதாகத் திறக்குமாம். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

பிளாஸ்டிக் பையில் சுற்றிய லேப்டாப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் நடந்தே வந்தார். வைஃபையே ஓடாத லேப்டாப் அல்லவா, பேட்டரி முக்கால்வாசி இருந்தது. செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டோம். அவர் வைஃபையை எழுப்பக் கட்டளையைத் தட்டினார். வைஃபை எழவில்லை. மறுபடி தட்டினார். ம்ஹூம். செல்வி அழ ஆரம்பித்தாள். அண்ணாச்சி திரையை உற்றுப் பார்த்தார்.

“ஏளா, அழாத. கமாண்டுல தொறந்தாச்சு. ஆனா ‘ஹார்டு பிளாக்’னுல்லா காட்டுது. பக்கவாட்டு சுவிட்சு ஆஃப்ல கெடக்கு. அத கையாலதான் தள்ளணும்.”

யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அவரே சுவிட்சின்மேல் கறுப்பு டேப்பை அடுக்கடுக்காக ஒட்டியிருந்தார். நகத்தால் சுரண்டினார். பல்லால் கடித்தார். கடைசியில் என் மனைவி மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள்.

“அண்ணாச்சி, கைய எடுங்க!”

டேப் கிழிந்தது, சுவிட்ச் நகர்ந்தது, வைஃபை எழுந்தது. செல்வி இடத்தை உறுதிசெய்துவிட்டாள். அண்ணாச்சியோடு இருந்த பழக்கதோஷத்தில் நான் வைஃபையை அணைக்கப் போனேன். ஈர வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி என் கையைப் பிடித்தார்.

“விடும்வே. இன்னைக்கு ஒருநா ஓடட்டும்.”

செல்வி இப்போது மதுரையில் படிக்கிறாள். லீவுக்கு ஊருக்கு வந்தால் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போகிறாள். எங்கள் வீட்டுக்கு அப்புறந்தான். எங்களுக்கும் அதுதான் முறையென்று படுகிறது.