சிமிட்டிய சிவப்பு விளக்கும் கந்தசாமியின் பஸ்ஸும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய ஒலிப்பதிவுக் கருவியில் பதிவுப் பொத்தானை இரண்டு தரம் அழுத்த வேண்டும். ஒரு தரம் அழுத்தினால் சிவப்பு விளக்கு சிமிட்டும். "நான் தயார், நீ தயாரா?" என்று அது கேட்கிறதாம். இரண்டாம் தரம் அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரியும், பதிவு தொடங்கும். கையேட்டில் படம் போட்டே விளக்கியிருந்தார்கள். நான் கையேட்டைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, கருவியை மட்டும் தூக்கிக்கொண்டு மேற்கு ஆபிரிக்காவின் இசையைக் காப்பாற்றப் புறப்பட்டவள். (மேற்கு ஆபிரிக்கா என்னிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. அது தன்பாட்டில் நன்றாகத்தான் இருந்தது.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பாரிஸில் இசை மானிடவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, ஒரு சமூகத்துக்குள் போய் அவர்கள் பாடுவதைப் பதிந்து, பாடாத நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வரும் படிப்பு. இதைப் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் விளக்கிப் பாருங்கள். மரக்கறிக்கடை, நகைக்கடை, எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "ஏன் பிள்ளை, எங்கட பாட்டு இல்லையோ?"

இருக்கிறது அன்ரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அழ அழ இழுத்துக்கொண்டு போவது அதற்குத்தானே. நானும் அழுதவள்தான். ஒன்பது வயதில் பாட்டு டீச்சரே அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இவளை நீச்சலுக்கு விட்டுப் பாருங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாட வராதவள் பாட்டைப் பற்றிப் படிக்கக்கூடாது என்று எங்காவது சட்டம் இருக்கிறதா? மீன் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் நீந்தத் தெரியுமா?

அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் புடைவைக்கடை வைத்திருக்கும் அப்பா இதைப் பற்றி விவாதிக்கவில்லை. அவர் எதைப் பற்றியும் விவாதிப்பதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"இந்த வருசம் ஒருக்காப் பார். பாஸ் பண்ணாட்டி மாமான்ர அசூரன்ஸ் ஓபிசுக்குப் போறாய்."

திரான்சியில் இருக்கும் அந்தக் காப்புறுதி அலுவலகத்தில் மாமா எனக்கென்று ஒரு மேசையைப் போட்டே வைத்திருந்தார். மேசையில் ஒரு பிளாஸ்டிக் செடியும் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும். வருட மதிப்பெண்ணில் பாதி களப்பதிவுக்கு. பதிவு சரிவந்தால் இசை, சரிவராவிட்டால் செடி.

பக்காரியை எனக்குக் கொடுத்தது அப்பாவின் கடைதான். மாலியிலிருந்து வந்தவர், நாற்பது வயது இருக்கும், ஆறு வருடங்களாக அப்பாவுக்குப் பார்சல் கொண்டுவருபவர். ஒரு நாள் அவருடைய வண்டிக்குள் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கோரா சாய்ந்திருப்பதைக் கண்டேன். அரைச் சுரைக்குடுவைக்கு மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட கழுத்தில் இருபத்தொரு நரம்புகள் கட்டிய வாத்தியம். நான் தெருவிலேயே கத்திவிட்டேன். விசாரித்தால், அவர் ஜெலிக் குடும்பத்தவர். மற்றவர்களுடைய பரம்பரையைப் பாடுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளில் பாடுகிறார்.

(இனி அவர் பேசுவதெல்லாம் உண்மையில் பிரெஞ்சு. என் காதில் அது எப்போதும் எங்கள் வீட்டுத் தமிழாகவே விழும். அப்படியே எழுதுகிறேன்.)

"பாடுறன் மத்மசெல். ஆனா ஒருக்கால்தான். நான் மெசினுக்குப் பாடுறதில்லை. முன்னால இருக்கிற ஆளுக்குத்தான் பாடுறது."

"ஒரு தரம் போதும்," என்றேன். அந்தத் தன்னம்பிக்கையை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

கடை பூட்டியிருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை, கீழே நிலவறையில் பதிவு. நாலு சுவரும் கூரைவரை அடுக்கிய புடைவைகள், எதிரொலி கிடையாது. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குக்கூட இப்படிக் காஞ்சிபுரத்தால் சுவர் கட்ட வசதி வராது. கடைப் பூட்டின் திறப்பு தன்னிடம்தான் இருக்கும் என்பதால் அப்பா மேலே கடையில் இருந்து புடைவை மடித்துக்கொண்டிருந்தார்.

நான் படித்த புத்தகங்கள் முழுவதையும் பக்காரியின் தலையில் கொட்டினேன். முதலில் அவருடைய பார்சல் கம்பனி ஜாக்கெட்.

"இதைக் கழற்ற முடியுமா?"

"ஏன், உள்ளுக்குச் சூடோ?"

"இல்லை. இது பாரம்பரிய இசை..."

"ஒலிப்பதிவுதானே மத்மசெல்? ஜாக்கெட் சத்தம் போடுதோ?"

கழற்றினார். பிறகு, அவர் கைத்தொலைபேசியை வைத்துச் சுருதி கூட்டுவதைத் தடுத்தேன். கோராவின் நரம்புகள் தூண்டில் நைலோன் என்று அறிந்ததும் முகத்தைச் சுளித்தேன். (நூறு வருடத்துக்கு முந்தைய தோல் நரம்பைப் பார்சல் வண்டியில் எதிர்பார்த்தேன் போலும்.) கருவியைக் கண்டால் பாடகர் கூச்சப்படுவார், மறைத்து வைக்க வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். மறைத்தேன். பொத்தானை ஒரு தரம் அழுத்திவிட்டு, அப்பாவின் அடுக்கிலிருந்து ஒரு சிவப்பு பிளவுஸ் துணியை எடுத்துக் கருவியைப் போர்த்தினேன். திரையில் நேரம் ஓடுகிறதா என்று இனி யாருக்கும் தெரியாது. துணிக்குள்ளே ஒரு சிவப்பு வெளிச்சம் மட்டும் கோயில் பல்பு மாதிரி விட்டு விட்டுத் தெரிந்தது.

பக்காரி அதையே பார்த்தார். "அந்த லைட் இப்பிடித்தான் சிமிட்டுமோ?"

இந்த இடத்தில் வேறு எந்த மனிதப் பிறவியும் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கும். நானோ விளக்கம் சொன்னேன். சிமிட்டினால் கருவி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், இது மிக நவீனமானது, இதயத் துடிப்பைப் போல என்று கையால் நெஞ்சைத் தட்டியும் காட்டினேன். காதில் மாட்டியிருந்த காதுபொறியில் எல்லாம் துல்லியமாகக் கேட்டதால் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. பதியாவிட்டாலும் காதுபொறியில் கேட்கும் என்பதும் அந்தக் கையேட்டில்தான் இருந்தது.

அவர் இரண்டு மணிநேரம் பாடினார். அதைப் பற்றி நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. என் குறிப்பேட்டில் இருப்பதை மட்டும் தருகிறேன்: "தகவலாளர் அடிக்கடி கருவி இருக்கும் பக்கம் பார்க்கிறார். கூச்சமா? மரபு சார்ந்த அச்சமா? ஆராய வேண்டும்."

கடைசி நரம்பு ஓய்ந்ததும் துணிக்குள் கையை விட்டுப் பொத்தானை அழுத்தினேன். நிறுத்துகிறேன் என்று நினைத்து. அது இரண்டாம் அழுத்து. விளக்கு நின்று எரிந்தது. "சேமித்துவிட்டேன்" என்று சொல்கிறதாக்கும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு, பக்காரிக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்க மேலே ஓடினேன். தெருமுனைச் சாப்பாட்டுக்கடையில் வரிசை நீளம். திரும்பி வர முக்கால் மணிநேரம்.

வந்து பார்த்தால், நிலவறையில் அப்பா. பக்காரியின் தோளில் பொன்னாடை! ஜரிகை போட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து விழாக்களுக்கு மட்டும் வெளியே வருவது. இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. என்னைக் கண்டதும் அப்பா முகத்தைக் கடைக்காரர் முகமாக மாற்றிக்கொண்டார்.

"அப்பா! இது ஆராய்ச்சிக் களம். இதுக்குள்ள வந்து குழப்பாதேங்கோ!"

"நான் ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. சும்மா கதைச்சனாங்கள்."

பக்காரி ஜாக்கெட்டுக்கு மேலே பொன்னாடையோடு, தோளில் கோராவோடு, இரண்டாம் இலக்க மெத்ரோ ரயிலில் ஏறிப் போனார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. லா சப்பல் நிலையம் இதைவிடப் பெரியதெல்லாம் பார்த்திருக்கிறது.

கருவியை அணைத்து எடுத்துவந்து, வீட்டில் கணினியில் இணைத்தேன். ஒரே ஒரு கோப்பு. திறந்தவுடன் கேட்ட முதற்குரல் என்னுடையது. வெற்றிக் களிப்பில் கத்துகிறேன்: "அப்பா, எல்லாம் பதிஞ்சாச்சு!" அடுத்தது, நான் படியேறி ஓடும் சத்தம்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்முன்னே பிளாஸ்டிக் செடி.

கோப்போ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ படியிறங்கும் ஓசை. அப்பாவின் செருப்பு.

"முடிஞ்சுதோ?" அப்பாவின் பிரெஞ்சு. வினைச்சொற்களைச் சிக்கனமாகப் பாவிப்பார்.

"நான் முடிச்சிட்டன். மெசின் இப்பத்தான் துவங்கியிருக்கு போல. நான் பாடேக்குள்ள முழுக்கச் சிமிட்டினது. இப்ப நிண்டு எரியுது."



"சொல்லுவமோ?" என்றார் அப்பா.

"வேண்டாம் மிசியே கந்தசாமி. பிள்ளை நல்ல சந்தோசமாய்ப் போகுது. நான் கேட்டனான், எனக்கு இதயத் துடிப்பைப் பற்றி வகுப்பெடுத்தது."

அப்பா சிரித்தார். என் அப்பா வாய்விட்டுச் சிரிப்பதை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு கோப்பில்தான். அதுவும் என்னை நினைத்து.

பிறகு அவர் சொன்னார்: "ஒண்டு சொல்லட்டோ மிசியே. கந்தசாமி நான் இல்லை. அது என்ர அப்பா. எங்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை. இஞ்சை பேப்பர் எழுதினவைக்கு அது விளங்கேல்லை. அப்பான்ர பேரைக் குடும்பப் பேராப் போட்டுட்டினம். என்ர பேர் யோகநாதன்."

"அப்ப நான் ஆறு வருசமாய்..."

"செத்துப்போன என்ர அப்பாவுக்குப் பார்சல் கொண்டுவாறீர்."

பக்காரி பதறிப்போனார். பரம்பரைகளைப் பாடும் மனிதர் ஆறு வருடமாக மகனைத் தகப்பன் பெயரால் கூப்பிட்டிருக்கிறார். "அப்ப முதல்ல அவருக்குத்தான் பாடவேணும். அவர் என்ன செய்தவர்?"

"பஸ் கொண்டக்டர். யாழ்ப்பாணத்தில இருந்து பருத்தித்துறை."

"என்னெண்டு கத்துவார்?"

என் அப்பா, கோயிலில் பஜனைக்கும் வாய் திறக்காதவர், கத்தினார். "கோப்பாய் நீர்வேலி சிறுப்பிட்டி புத்தூர்! அச்சுவேலி வல்லை நெல்லியடீ! மந்திகை... பருத்தித்துறை இறங்கு!" ஒரே மூச்சு. புத்தூரில் ஒரு தூக்கல், நெல்லியடியில் ஒரு இழுவை. இரண்டாம் முறை கத்தும்போது கோரா கூடவே வந்தது. மூன்றாம் முறை அப்பா பெட்டியில் தாளம் போட்டார். அதன்மேல் பக்காரி தன் மொழியில் ஏறிப் பாடத் தொடங்கினார். எனக்கு விளங்கிய சொற்கள் இரண்டே: கந்தசாமி, நெல்லியடி. நரம்புகள் கொஞ்சம் சுருதி விலகியிருந்தன. (நான்தானே கைத்தொலைபேசியைப் பறித்தவள்.)

முடிந்ததும் அப்பா மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இவள் மாலியில இருக்கிற எல்லாற்ற பூட்டன்ர பேரையும் கேட்டு எழுதுறாள். தன்ர அப்பப்பா என்ன வேலை செய்தவர் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை." பிறகு குரல் கருவிக்குக் கிட்ட வந்தது. "லைட் எரியுதுதானே? எரியட்டும்."

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இன்றும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? இத்தனை வருடத்தில் நான் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் அவருடைய பதில் "சாப்பிட்டியோ?" என்பதுதான். அவர் பேச ஒரு ஜெலியும் ஒரு நிலவறையும் ஒரு முட்டாளும் தேவைப்பட்டன. முட்டாளை நான் ஏற்பாடு செய்தேன். அதற்காவது எனக்கு நன்றி சொல்லலாம்.

மறுநாள் இன்னொரு தரம் பாடச் சொல்லிப் பக்காரியிடம் கெஞ்சினேன். அவர் பார்சலை இறக்கியபடியே, "நீ அங்கைதானே இருந்தனீ மத்மசெல்? கேட்டனீதானே? பிறகென்ன?" என்றார். பாட மாட்டேன் என்றவர், கோப்பில் கிடைத்ததைத் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். அப்பாவும் தலையை ஆட்டினார். சமர்ப்பிக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. கொடுத்தேன்.

பேராசிரியை காதுபொறியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இரண்டு பேர் பேசுகிறார்கள். பாரம்பரியப் பாடல்கள் எங்கே? இது எந்த வகை இசை?"

"பஸ் நிறுத்தங்கள், மதாம்."

"மன்னிக்கவும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை, வழக்கம்போல. சொன்னேன்: ஒரு ஜெலி முன்னால் இருக்கும் ஆளுக்காகத்தான் பாடுவார். நான் பாடச் சொல்லிக் கேட்ட பாடல்கள் துணி போர்த்திய மெசினுக்காகக் கேட்டவை. இந்தக் கோப்பில்தான் அவர் தன் வேலையைச் செய்கிறார். பெயர் கேட்கிறார், தகப்பனைக் கேட்கிறார், பாடுகிறார், கேட்டவர் பொன்னாடை போர்த்துகிறார். பாரம்பரியம் வேண்டுமென்றால் இதுதான், பார்சல் ஜாக்கெட்டோடு. ஜாக்கெட் வேண்டாமென்றால் அது அவருடைய பாரம்பரியமில்லை மதாம், எங்களுடைய ஆசை.

அவர் காதுபொறியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். சித்தியடைந்தேன். பெருமைப்படும் புள்ளியில்லை, வாசலைத் தாண்டும் புள்ளி. ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி: "ஆய்வாளர் தன் கருவியை இயக்கப் பழக வேண்டும்." சட்டம் போட்டு என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். திரான்சியில் அந்த மேசை இன்னும் இருக்கிறது, செடியும் இருக்கிறது. நான் அங்கே இல்லை.

பக்காரி இப்போது கடை வாசலில் நின்று, "கந்தசாமியின்ர மகன் யோகநாதனுக்குப் பார்சல்!" என்று தெருவுக்கே கேட்கக் கூவுகிறார். அப்பா கையெழுத்துப் போடும்போது முதுகு நிமிர்ந்திருக்கும்.

எங்கள் வீட்டிலோ எனக்கு விடிவே இல்லை. சோதனை நன்றாகச் செய்தேன் என்றாலும், வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்றாலும், அம்மா குசினியில் சமைத்தபடியே கேட்பார்: "எரியுதோ, சிமிட்டுதோ?" சென்ற மாதம் ஒருவனைப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் என்னைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் அறிவித்தேன்.  எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் புடைவை மடிப்பதை நிறுத்தவில்லை.

"வடிவாய்ப் பாத்தனியோ பிள்ளை? எரியுதோ, சிமிட்டுதோ?"

"எரியுதப்பா. ரெண்டு தரம் அமத்தினனான்."

"அப்ப சரி," என்றார் அப்பா. "அவன்ர அப்பப்பா என்ன வேலை செய்தவர்?"

கேட்க மறந்துபோயிருந்தேன்.