ரம்புத்தான் மரத்து டிஸ்க்

ரம்புத்தான் மரத்திலிருந்து இறக்கிய டிஸ்க்கை ஆம்புரோஸ் குழாயடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். வௌவால் எச்சம் போய்விட்டது. குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கீறல்கள் போகவில்லை.

"இத யாரு மரத்துல கட்டினா?" என்று வேலிக்கு அப்பால் நின்ற யுகேந்திரனைக் கேட்டார்.

"வௌவால் வெரட்ட எல்லாரும் கட்டுறதுதானேண்ணே. எங்க மாமரம் பூரா பழைய சினிமாப் பட டிஸ்க்குதான் தொங்குது."

"படம் கட்டலாம்லா. இது லேப்டாப்புக்கு உயிரு. பாரு, வௌவால் நகத்தாலேயே கோடு போட்டு வச்சிருக்கு."

யுகேந்திரன் கோடுகளைப் பார்த்தான். பிறகு மரத்தைப் பார்த்தான்.

லேப்டாப் காலையிலிருந்து கறுப்புத் திரையில் ஒற்றை வெள்ளை வரியைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. ஆம்புரோஸுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: கூடவே வந்த டிஸ்க்கை உள்ளே தள்ளி, கேட்பதற்கெல்லாம் சரி என்று அமுக்குவது. முன்பு இரண்டு தடவை அப்படித்தான் எழுப்பினார். வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் எழுந்தது. முதல் தடவை மகள் ஜூலியானாவின் கல்யாணப் படங்களும், அடுத்த தடவை மனைவி ஏஞ்சலா எழுதி வைத்திருந்த ஊறுகாய்க் கணக்குகளும் காணாமல் போயின. வைரஸ் தின்றுவிட்டது என்று வீட்டில் அறிவித்தார். ஏஞ்சலா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

இப்போது ஏஞ்சலா இல்லை. வரும் ஞாயிறு அவளுடைய முதலாண்டு நினைவுத் திருப்பலி. கோயில் பாடகர் குழுவுக்காக அவளே மெட்டுக் கட்டிய பாட்டை அன்றைக்குப் பாடுவதாக ஏற்பாடு. நோயில் விழுவதற்கு முன் அடுக்களை மேசையில் உட்கார்ந்து அதை அவள் பாடிப் பதிந்திருந்தாள். அது அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அவளுடைய குரலும் வேறெங்கும் இல்லை.

"பற்பசை போட்டுத் தேய்ங்கண்ணே," என்றான் யுகேந்திரன். "கீறல் அடைஞ்சிரும்."

தேய்த்தார். டிஸ்க் பனி பிடித்த கண்ணாடி மாதிரி ஆகி, கிராம்பு வாசம் அடித்தது.

"அப்ப வாழப்பழத் தோலு."

பழத்தையும் அவனே கொண்டுவந்தான். மத்தியானத்துக்குள் டிஸ்க்கைத் தேடி எறும்புகள் வரிசை கட்டின.

யுகேந்திரன் வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். "இன்னும் ஒண்ணு இருக்குண்ணே. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டு போடுற மாதிரி. ரப்பர் பாலு."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆம்புரோஸ், கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்தவர். பாலால் ஒட்டாத பொருள் உலகத்தில் இல்லை என்று நம்பி வளர்ந்தவர். தோட்டத்தை அழித்து வீடு கட்டியவர்கள் சாக்கடையோரம் விட்டுவைத்த மரங்கள் சில இன்னும் நின்றன. காய்கறிக் கத்தியால் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் பிடித்து, விரலால் மெல்லப் பூசி வெயிலில் காயவைத்தார்.

"பாரு, கீறலே தெரியல."

"டிஸ்க்கே தெரியலண்ணே."

லேப்டாப் அதை விழுங்கியது. ரப்பர் ஷீட்டு உருட்டும் பழைய மெஷின்போலக் கடகடத்தது. தீய்ந்த வாசனை வந்தது. பிறகு சத்தமே இல்லை. டிஸ்க்கும் வெளியே வரவில்லை. இறைச்சி குத்திச் சுடும் சத்தே குச்சியை விட்டு நெம்பினார். குச்சியும் உள்ளேயே தங்கிவிட்டது.

ஆம்புரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஏஞ்சலா உட்கார்ந்து பாடிய நாற்காலி.

"சுசா ஆயிடுச்சுடா, பெரிய கஷ்டம்," என்றார் மெதுவாக. "கடைசியா இருந்த அவ குரலையும் தொலைச்சிட்டேன்."

யுகேந்திரன் முகம் மாறியது. "எந்திரிங்கண்ணே. காடி எடுக்குறேன். ஈப்போ போலாம்."

"புது டிஸ்க் கெடைக்குமா?"

"மொதல்ல போலாம் வாங்க."

ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த புனிதா, லேப்டாப்பை மோந்து பார்த்தாள்.

"என்னா அங்கிள் இது, ஒட்டுப்பால் வாடை அடிக்குது?"

"அது பெரிய கதம்மா. ஒரு புது டிஸ்க் குடு."

"இப்ப யாரு டிஸ்க் வைக்கிறா? பென்டிரைவ்ல ஏத்தித் தாரேன். புதுசு மாதிரி ஆயிடும். உள்ள ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்தான். எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தானே அது உக்காரும்."

"வைரஸ்தானேம்மா அழிக்கும்?"

புனிதா யுகேந்திரனைப் பார்த்தாள். அவன் மேலே சுற்றாத காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க டிஸ்க் மட்டும் ஓடியிருந்தா இந்நேரம் எல்லாம் போயிருக்கும் அங்கிள். அது கெட்டதே நல்லதா போச்சு."

அவள் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றி, சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டியை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். எதையோ தட்டினாள். முதலில் குக்கர் விசில் கேட்டது. பிறகு ஏஞ்சலா தொண்டையைச் செருமினாள். பாட்டு தொடங்கியது. முதல் அடி முடிந்ததும் நிறுத்தி, "என்னாங்க, அந்தக் கொழாய மூடுங்க," என்றாள்.

ஆம்புரோஸ் குழாயைத் தேடித் திரும்பினார்.

பாட்டு முடியும்வரை புனிதா, வந்த வாடிக்கையாளரைக் கையாலேயே வாசலில் நிறுத்தி வைத்தாள்.

திரும்பும்போது பாட்டு ஏற்றிய பென்டிரைவ் ஆம்புரோஸின் சட்டைப்பையில் ஜெபமாலையோடு கிடந்தது. புனிதாவுக்கு நன்றி சொன்னார். அவளுடைய திருப்புளிக்கும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வௌவால்களுக்கும் சொன்னார்.

"அதுங்க கீறலன்னா நானே அவள அழிச்சிருப்பேன்டா. இனிமே பழம் பூரா அதுங்களுக்குத்தான்." சிம்பாங் பூலாய் சந்தியில் சிவப்பு விளக்குக்குக் காடி நின்றபோது சிரிப்பும் வந்தது. "ஆனா ஒன் யோசனை இருக்கே யுகேந்திரா, பற்பசை, பழத்தோலு, பாலு, ஒண்ணாச்சும் வேலைக்கு ஆச்சா?"

"எல்லாமே ஆச்சுண்ணே," என்றான் யுகேந்திரன், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாட்டு பதிஞ்ச அன்னிக்கே அக்கா அந்த டிஸ்க்க ஆணியால கீறி எங்கிட்ட குடுத்து, 'மரத்துல கட்டிடு தம்பி, அவரு எப்பயாச்சும் எறக்குனா ஓட விட்டுறாத'ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."