வாணலியில் பூச்சு வேலை

அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய நாத்தனாரக்காவுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். உங்கள் தம்பி ஏப்பம் விட்டபடி என்னைவிடச் சுகம். அங்கே உங்கள் முழங்காலும், உங்கள் வீட்டுக்காரரின் குறட்டையும், அந்தச் சண்டைக்காரப் பூனையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் "ம்" கொட்டுவேன். கடிதம் என்றால் என்னை நடுவில் வெட்ட ஆளில்லை.

எங்கள் லாண்டரியில் சாயங்கால ஷிஃப்டுக்கு என்னைப் பொறுப்பாக இருக்கச் சொல்லி மேனேஜரம்மா கேட்டதும், நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும் என்றதும் உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக ஓட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுப் போட்டு என் கை ரேகையே தேய்ந்துவிட்டது. இப்போதுதான் முதல் தடவையாக நான் சொல்லி நாலு பேர் மடிக்கப்போகிறார்கள். ஆசை இருக்காதா? ஆனால் சேதி கேட்டதும் நீங்கள் போனில் அழுதீர்களே ஒரு அழுகை! "ஐயோ, என் தம்பிக்கு ராத்திரி யாரு சோறு போடுவா? அவன் வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்குமே! நீ வேலைக்குப் போம்மா, நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து அங்கயே இருந்துடறேன்." நீங்கள் வந்து இருப்பது எங்கள் பாக்கியம்தான் அக்கா, இல்லை என்று சொல்லவில்லை. போன தடவை நீங்கள் அடுப்படியை ஒழுங்குபடுத்திவிட்டுப் போன பிறகு என் காபித் தூள் டப்பா துணி அலமாரியில் கிடைத்தது, அவ்வளவுதான். அதனால் நேரே உங்கள் தம்பியிடமே போனேன். "இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு உங்க பொறுப்பு. நான் அடுப்படிக்குள்ள கால் வைக்க மாட்டேன், வாயும் திறக்க மாட்டேன். ஒப்பேத்திட்டீங்கன்னா நாளைக்கு சரின்னு சொல்றேன். இல்லன்னா அந்த வேலையே வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றேன். அவர், "சுவரே பூசறவனுக்கு ஒரு சாப்பாடு பெரிய வேலையா?" என்று மீசையைத் தடவினார்.

வேலை முடிந்து வரும் வழியில் மாட்டுக் கொத்துக்கறியும் ஒரு பை காய்கறியும் வாங்கி வந்தார். என்ன செய்யப்போகிறார் என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. அவரே சொன்னார்: "கறிக்கடைக்காரர் வழி சொல்லிட்டாரு. ஒரே வாணலி. கறி, காய், உருளைக்கிழங்கு எல்லாம் அதுக்குள்ளயே. தேய்க்கிறதுக்கும் ஒரே பாத்திரம். நீதான் ஒரு குழம்புக்கு ஏழெட்டுப் பாத்திரத்தை இழுத்துப் போடுவ." நான் அடுப்படி வாசல் பக்கம் முக்காலியைப் போட்டுக்கொண்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் கேரட்டை நறுக்கினார், பிறகு பீன்ஸை, பிறகு உருளைக்கிழங்கை. உருளைக்கிழங்கைச் செங்கல் மாதிரி, எல்லாம் ஒரே அளவில், மூலை பிசகாமல் வெட்டி அடுக்கியே வைத்துவிட்டார் அக்கா! பார்க்க அழகுதான், ஆனால் ஒவ்வொன்றும் தீப்பெட்டி தண்டி. அது எந்தக் காலத்தில் வேக? அதைப் பற்றி அவருக்கு என்ன கவலை, வாணலியைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, கறியை மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கரண்டியைத் தேடினார். கிடைக்கவில்லை. அவர் மூக்குக்கு நேரேதான் தொங்கியது, நான் சொல்லக் கூடாதே! உடனே வேலைப் பையைத் திறந்து பளபளவென்று சுவர் பூசுகிற கரணை ஒன்றை எடுத்தார். "பயப்படாத, புதுசு, இன்னும் சிமெண்டையே பாக்கல" என்று கழுவித் துடைத்து, அதாலேயே கறியை வாணலி முழுக்கப் பூச ஆரம்பித்தார். கேலி இல்லை அக்கா, பூசினார்! ஓரம் இழுத்து, நடுவில் அமுக்கி, தலையைச் சாய்த்து மட்டம் பார்த்து, ஒரு பக்கம் மேடாகத் தெரிந்ததைத் தேய்த்துச் சரி செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

கிளறவே இல்லை. கறி சடசடக்கிறது, புகை எழும்புகிறது, மனுஷன் அசையவில்லை. என் கால் இரண்டும் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. எழுந்து ஒரு எட்டு வைத்தால் அவர் நிம்மதியாகக் கரணையை என் கையில் கொடுத்துவிடுவார், அத்தோடு என் சாயங்கால ஷிஃப்ட் போச்சு, நீங்கள் மூட்டையோடு வாசலில். இதை நினைத்து முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பி, "என்ன முழிக்கிற? பூசினதை உடனே தொட்டா பெயர்ந்து வரும். இறுகணும்" என்றார். அதற்குள் புகையைப் பார்த்துவிட்டு மேல்வீட்டு டிரைவர் படியில் தடதடவென்று ஓடி வந்தார். "அண்ணி, வீடு பத்திக்கிச்சா?" நான் துண்டை எடுக்காமலே அடுப்படியைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, நீங்களா? அப்ப தண்ணி கொண்டு வரட்டா?"

அந்த நேரம் பார்த்து உங்கள் தம்பி கரணையை அடியில் விட்டு, மொத்தக் கறியையும் அப்படியே திருப்பிப் போட்டார். சும்மா சொல்லக் கூடாது அக்கா, அடிப்பக்கம் பொன்னாகச் சிவந்திருந்தது. கருகல் இல்லை, ஒட்டல் இல்லை. நான் கிளறிக் கிளறித் தண்ணீர் விட வைத்து வேகவைக்கிற கறிக்கு இந்த நிறம் ஒரு நாளும் வந்ததில்லை. பிறகு அதை உடைத்துவிட்டு, வெங்காயம், தக்காளி, மிளகு, காய் எல்லாம் போட்டு, மூடி பொருந்தாமல் தட்டைக் கவிழ்த்து வைத்தார். காய் வெந்தது, செங்கல் வேகவில்லை. டிரைவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை வெச்சு மாடி கட்டலாம்" என்றார். உங்கள் தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாச் செங்கலையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, நாலாக வெட்டி, திரும்பவும் போட்டார். கடைசியில், "உப்பு எவ்வளவு?" என்று என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கொஞ்சம் போட்டு, நாக்கில் வைத்து, இன்னும் கொஞ்சம் போட்டு, மறுபடி வைத்தார். இத்தனை வருஷம் என் சமையலுக்குத் தீர்ப்புச் சொன்ன நாக்கு, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி பயந்து பயந்து வெளியே வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

மூன்று பேரும் சாப்பிட்டோம். டிரைவர் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். நான் மூன்று தடவை, அதை எண்ண வேண்டாம். உங்கள் தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஒரே வாணலியைத் தேய்த்தபடி, "நாளைக்குச் சரின்னு சொல்லிடு. போய் எல்லாரையும் வேலை வாங்கு. நான் பட்டினியெல்லாம் கிடக்க மாட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துண்டு கையோடு இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆகவே அக்கா, கட்டிய மூட்டையை அவிழ்த்துவிடுங்கள். உங்கள் தம்பி பிழைத்துக்கொள்வார், நீங்கள் வர வேண்டாம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரரை விரட்டாமல், நூறு வருஷம் நன்றாக இருங்கள் என்று கேட்டுக்கொள்ளும்,

உங்கள் தம்பி பெண்டாட்டி,
லாண்டரி சாயங்கால ஷிஃப்ட் பொறுப்பு (நாளையிலிருந்து)

பின்குறிப்பு: தபால்தலை ஒட்ட மறந்து இந்தக் கடிதம் என் பையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் நான் ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், என் சொல்லையும் கேட்கிறார்கள். இன்று எனக்கு லீவு. ஆசையாகச் சமைக்கலாம் என்று அடுப்படிக்குள் போனால் உங்கள் தம்பி மறிக்கிறார். "நீ உள்ள வந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது. வெளிய உக்காரு." என் அடுப்படியில் எனக்கே இடமில்லை அக்கா. வர வேண்டாம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். உடனே புறப்பட்டு வாருங்கள், எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும். அவர் சமைக்கிற நேரம் மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாதாம். உங்களால் அது முடியுமா என்று வீட்டில் ஒரு தடவை பழகிப் பார்த்துவிட்டு வாருங்கள்.